முட்டை ஓட்டின் நிறத்தை வைத்துக் கோழியினத்தை அறிவது எப்படி

நீல முட்டை, பச்சை முட்டை, சாக்லேட் நிற முட்டை என்று படங்களைப் பார்த்துவிட்டுக் கோழி வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இனப்பெயர்களின் பட்டியலைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலுக்கு அவசரமில்லை. கோழி முட்டையின் ஓட்டில் நாம் காணும் எல்லா நிறங்களுக்கும் அடிப்படை இரண்டே நிறமிகள்தான் என்பதையும், அவை ஓட்டில் எங்கே, எப்போது படிகின்றன என்பதையும் முதலில் புரிந்துகொண்டால், விற்பவர் சொல்லும் பெயர் சரிதானா என்பதைக்கூட முட்டையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

பிலிவெர்டின் என்ற நிறமி நீலத்தைத் தருகிறது. புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி பழுப்பைத் தருகிறது. இரண்டும் இல்லாத ஓட்டில் கால்சியம் கார்பனேட்டின் இயல்பான வெண்மை மட்டுமே இருக்கும். பச்சை என்பது தனி நிறமி அன்று. நீல ஓட்டின் மேல் பழுப்பு படியும்போது கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. இளஞ்சிவப்பு என்றும் பாலாடை நிறம் என்றும் சொல்லப்படுபவை, வெள்ளை ஓட்டின் மேல் மிக மெல்லிதாகப் பழுப்பு படிந்ததன் விளைவு. முட்டையைப் பாதுகாக்கும் கடைசி மேற்பூச்சு சற்றுத் தடிமனாக அமைந்துவிட்டால், பழுப்பு முட்டை ஊதாச் சாயலோடு தோன்றும். அதைக் கழுவிவிட்டால் ஊதாவும் போய்விடும்.

இதை நேரில் பார்க்க ஒரு பச்சை முட்டையும் ஒரு பழுப்பு முட்டையும் போதும். இரண்டையும் உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வை நகத்தால் மெல்ல உரித்தெடுங்கள். பழுப்பு முட்டையின் உட்புறம் வெள்ளையாக இருக்கும். பச்சை முட்டையின் உட்புறம் தெளிந்த வெளிர்நீலமாக இருக்கும். நீல நிறமி ஓடு உருவாகும் காலம் முழுவதும் சேர்வதால் ஓட்டின் முழுத் தடிமனிலும் ஊடுருவியிருக்கிறது. முட்டை ஓடு உருவாகும் பகுதியில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. பழுப்பு நிறமியின் பெரும்பகுதி, முட்டை வெளிவருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் மேற்பரப்பில் பூசப்படுகிறது. அதனால்தான் அடர்பழுப்பு முட்டை இட்ட ஈரத்தோடு இருக்கையில் கோழியின் நகம் பட்டாலோ, வைக்கோல் உரசினாலோ வெளிர்ந்த கோடுகள் விழுகின்றன. முதன்முறை அப்படியொரு கீறல் விழுந்த முட்டையைக் கண்டபோது கோழிக்கு ஏதோ நோய் என்று நான் பதறியது உண்டு. கூட்டில் கிடந்த முரட்டு வைக்கோலை மாற்றியதும் கீறல் நின்றுவிட்டது.

காதுமடலைப் பார்த்து முட்டை நிறத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெள்ளைக் காதுமடல் கொண்ட லெக்ஹார்ன் வெள்ளை முட்டையும், சிவப்புக் காதுமடல் கொண்ட ரோட் ஐலண்டு ரெட் பழுப்பு முட்டையும் இடுவது உண்மைதான். ஆனால் ஸ்பெயினின் காடலோனியாவைச் சேர்ந்த பெனடெசென்கா வெள்ளைக் காதுமடலோடு மிக அடர்ந்த பழுப்பு முட்டையை இடுகிறது. நீல முட்டைக்குக் காரணமான மரபணுவுக்கும் காதுமடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே நிற முட்டைக் கோழிகளைத் தேடுகிறவருக்குக் காதுமடல் பயன்படாது, கொண்டைதான் உதவும். அதற்கான காரணத்தைக் கீழே பார்ப்போம்.

நீல முட்டையினங்கள்

நீல முட்டையைப் பற்றிய பேச்சு தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் தொடங்குகிறது. அங்குள்ள மாபுச்சே மக்கள் வளர்த்த கோழிகளில், வாலில்லாத ஒரு வகையும், காதோரம் இறகுக் குஞ்சம் கொண்ட இன்னொரு வகையும் இருந்தன. இவற்றின் கலப்பிலிருந்து வந்ததே அரௌகானா. ஸ்பானியக் கோழியியல் பேராசிரியர் சால்வடோர் காஸ்டெல்லோ, ஹேக் நகரில் 1921இல் நடந்த முதலாவது உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் இந்தக் கோழியை ஒரு புதிய சிற்றினமாகவே அறிமுகப்படுத்தினார். அது தனிச் சிற்றினம் அன்று என்பது பிறகு தெளிவாயிற்று. ஆனால் நீல முட்டை உலகின் கவனத்துக்கு வந்துவிட்டது.

அரௌகானாவை வாங்க நினைப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். காதோரக் குஞ்சத்துக்குக் காரணமான மரபணு ஒரு பிரதி இருந்தால் குஞ்சம் வளரும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஆக இரண்டு பிரதிகள் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குஞ்சமுள்ள சேவலையும் குஞ்சமுள்ள பெட்டையையும் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு கருக்கள் இப்படிப் போகும். அடைகாப்பில் குறை என்று எண்ணி இன்குபேட்டரைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாலின்மையும் கருவுறுதலைக் குறைப்பதாக வளர்ப்பவர்கள் சொல்வார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த இனத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

அந்தச் சிக்கலிலிருந்து விடுபட வேண்டும் என்றே அமெரிக்காவில் அமெரகானா உருவாக்கப்பட்டது. இதற்கு வால் உண்டு, காதுக் குஞ்சம் இல்லை, முகத்தைச் சுற்றித் தாடிபோல் இறகு அடர்ந்திருக்கும். அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் 1984இல் இதைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. இங்கேதான் ஏமாற்றம் மிகுதி. அமெரகானா என்ற பெயரில் விற்கப்படும் குஞ்சுகளில் பல, நீல முட்டை மரபணு எங்கோ ஒரு தலைமுறையில் கலந்த கலப்பினங்கள். இவற்றை ஈஸ்டர் எக்கர் என்பார்கள். ஈஸ்டர் எக்கர் ஓர் இனத்தின் பெயர் அன்று. அவற்றில் ஒன்று நீல முட்டையும், அதன் உடன்பிறப்பு பச்சை முட்டையும், இன்னொன்று வெறும் பழுப்பும் இடலாம். நல்ல வீட்டுக்கோழிகள்தான்; ஆனால் தூயினத்துக்கான விலையைக் கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் புன்னெட், பீஸ் ஆகிய மரபியலாளர்களின் பணியில் உருவான க்ரீம் லெக்பார் மூன்றாவது. பொரித்த அன்றே குஞ்சின் முதுகுக் கோடுகளையும் தலைப்புள்ளியையும் பார்த்துச் சேவலா பெட்டையா என்று பிரித்துவிட முடிவது இதன் தனிச்சிறப்பு. சேவல் குஞ்சுகளை வேண்டாதவருக்கு இதைவிட வசதி வேறில்லை. சீனாவின் டாங்சியாங், லூஷி இனங்களும் நீல முட்டை இடுகின்றன. இவற்றில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பழங்காலத்தில் கோழியின் மரபுப்பொருளுக்குள் புகுந்துவிட்ட ஒரு வைரஸின் துண்டு, குறிப்பிட்ட ஒரு மரபணுவின் அருகே செருகிக்கொண்டதே ஓடு நீலமாவதற்குக் காரணம் என 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அந்தச் செருகல் தென் அமெரிக்கக் கோழிகளில் ஓரிடத்திலும் சீனக் கோழிகளில் சற்றே வேறோரிடத்திலும் இருப்பதால், நீல முட்டை இரு முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.

பழுப்பு முட்டையினங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரான்சின் மாரன்ஸ் ஊரின் பெயரைக் கொண்ட மாரன்ஸ் கோழி சாக்லேட் நிறத்துக்குப் பெயர்பெற்றது. நெதர்லாந்தின் வெல்சமர் செங்கல் நிறத்தில் கரும்புள்ளிகளோடும், பார்னவெல்டர் சற்று இளம்பழுப்பிலும் இடும். மாரன்ஸ் முட்டையின் அடர்த்தியை மதிப்பிட 1 முதல் 9 வரையிலான நிற அட்டை உண்டு. 4க்குக் கீழே இருப்பதை மாரன்ஸ் முட்டையாக வளர்ப்பவர்கள் ஏற்பதில்லை.

பச்சையை உருவாக்குவது

நீல முட்டைக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. அது ஓங்கு தன்மை உடையது. ஒரு பிரதி இருந்தாலே ஓடு நீலமாகும். பழுப்புக்கோ பல மரபணுக்கள் சேர்ந்து காரணமாகின்றன; அதனால் பழுப்பு படிப்படியாகக் கூடும், குறையும். கலப்புக் கணக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. நீல மரபணுவின் இரண்டு பிரதிகளும் உள்ள கோழியை மாரன்ஸோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் எல்லாம் பச்சை முட்டை இடும். ஆலிவ் எக்கர் என்பது இவைதான். அந்தப் பெட்டையை மீண்டும் மாரன்ஸ் சேவலோடு சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஏறத்தாழப் பாதி இன்னும் அடர்ந்த ஆலிவ் நிறத்திலும், மீதி நீலமே இல்லாத பழுப்பிலும் இடும்.

அந்தப் பாதியைக் குஞ்சாக இருக்கும்போதே இனங்காண முடியுமா? ஓரளவு முடியும். நீல முட்டை மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக அருகருகே இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அமெரகானாவுக்குப் பட்டாணிக் கொண்டை. மாரன்ஸுக்கு ஒற்றைக் கொண்டை. எனவே மேற்சொன்ன கலப்பில், குஞ்சின் அலகுக்கு மேலே ஒரே கூர்வரம்பு இல்லாமல் அகன்று தாழ்ந்த மூன்று வரம்புகள் தெரிந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் க்ரீம் லெக்பாருக்கு ஒற்றைக் கொண்டையும் நீல முட்டையும் சேர்ந்தே வருவதால், அந்த இனத்தைக் கொண்டு செய்யும் கலப்பில் இந்த அடையாளம் பொய்த்துவிடும்.

சேவல் முட்டை இடுவதில்லை. எனவே அது சுமக்கும் நிறம் நமக்குத் தெரிவதில்லை. நீல முட்டையிலிருந்து பொரித்த சேவல் என்பது தாயைப் பற்றி மட்டுமே சொல்கிறது. உறுதியாக அறிய விரும்பினால், அந்தச் சேவலை வெள்ளை முட்டை இடும் லெக்ஹார்ன் பெட்டைகளோடு சேர்த்து, பிறக்கும் விடைக்கோழிகள் முட்டையிடும்வரை ஐந்தாறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். ஒன்று வெள்ளை முட்டை இட்டாலும் சேவலிடம் ஒரு பிரதிக்கு மேல் இல்லை என்று பொருள். ஏழு விடைக்கோழிகளும் நீலமாகவே இட்டால், ஒற்றைப் பிரதிச் சேவலுக்கு அப்படி நேர 128இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. அதை இரண்டு பிரதிச் சேவல் என்று கொள்ளலாம்.

ஒரு கோழி தன் வாழ்நாளில் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறாது. ஆனால் அடர்த்தி மாறும். முட்டையிடத் தொடங்கிய முதல் வாரங்களில் பழுப்பு மிக அடர்ந்திருக்கும். தொடர்ந்து இடஇட வெளிறும். இறகு உதிர்த்து ஓய்ந்து மீண்டும் தொடங்கும்போது திரும்ப அடரும். இந்த ஒழுங்குக்கு மாறாக, பழுப்பு முட்டை இடும் கோழிகள் பல ஒரே வாரத்தில் திடீரென வெளிறிய முட்டை இட்டால் எச்சரிக்கையாக வேண்டும். அச்சம், கூட்ட நெரிசல், மூச்சுக்குழாயைத் தாக்கும் தொற்றுநோய், ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கும் நிகார்பசின் மருந்து ஆகியவை பழுப்பைக் குறைக்கும். தீவனத்தை மாற்றினால் ஓடு அடர்நிறமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தீவனம் மாற்றுவது மஞ்சள் கருவின் நிறத்தையே. ஓட்டின் நிறத்தால் முட்டையின் சத்தும் சுவையும் கூடுவதுமில்லை.

இனத்தைப் பெருக்க முட்டை தேர்ந்தெடுக்கும்போது, பருவத்தின் முதல் முட்டையைப் பார்த்து மயங்காமல், ஓரிரு மாதம் இட்ட பிறகும் அடர்த்தி குறையாத கோழியின் முட்டையை எடுங்கள். ஒவ்வொரு முட்டையையும் இட்ட அன்றே, எப்போதும் அதே சன்னலருகில், அதே வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து, கோழியின் கால்வளைய எண்ணோடு குறித்துவையுங்கள். அடர்பழுப்பு முட்டைகளை விளக்கொளியில் வைத்துக் கரு வளர்ச்சியைப் பார்ப்பது கடினம். வெள்ளை முட்டையில் ஏழாம் நாளே தெரியும் ரத்தநாளங்கள் இதில் தெரியாமல் போகலாம். வலுவான விளக்கை இருட்டறையில் பயன்படுத்தி, அப்படியும் தெரியாவிட்டால் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். கெட்ட நாற்றமோ கசிவோ இல்லாத முட்டையை அதுவரை எறிந்துவிட வேண்டாம்.