ஹிரோஷிமாவில் ஒகோனோமியாகி: கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி

ஒகோனோமியாகி என்பது மாவும் முட்டைக்கோசும் சேர்த்து இரும்புக்கல்லில் சுடும் ஜப்பானிய அடை. ஹிரோஷிமா போனால் ஒரு ராத்திரியாவது அதை ஒகோனோமிமுராவில் சாப்பிடுங்கள். டிராமில் ஹாச்சோபோரி நிறுத்தத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வந்துவிடும். ஒரே கட்டடத்தின் 2, 3, 4ஆம் மாடிகளில் சின்னச் சின்னக் கடைகள், எல்லாவற்றிலும் ஒகோனோமியாகிதான். லிஃப்ட் கதவு திறந்ததுமே சாஸ் கருகும் வாசனையும் "இரஷ்ஷாய்மாசே!" (வாங்க, வாங்க!) என்ற கூப்பாடும் நாலு பக்கமிருந்தும் வரும். எந்தக் கடை என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். கல்லை ஒட்டி இடம் காலியாக இருக்கும் கடைக்குள் போய்விடுங்கள்.

மேசை காலியாக இருந்தாலும் கல்லுக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். தெப்பான் என்கிற அந்த நீளமான இரும்புக்கல்தான் அடுப்பு, தட்டு, மேசை எல்லாம். நான் முதல் தடவை தட்டில் வாங்கிச் சாப்பிட்டேன், பாதி முடிப்பதற்குள் நூடுல்ஸ் ஆறிப்போய்விட்டது. கல்லில் கடைசித் துண்டு வரை சூடு இருக்கும், அடியில் உள்ள மாவு அடை நேரம் ஆக ஆக இன்னும் மொறுமொறுப்பாகும்.

ஆர்டர் பண்ண மூன்றே சொல் போதும்: "நிகு தமா சோபா". பன்றி இறைச்சி, முட்டை, நூடுல்ஸ். சோபா என்றால் வழக்கமாகப் பக்வீட் நூடுல்ஸ், ஆனால் இங்கே அது கோதுமை நூடுல்ஸ்தான். தடிமனாக வேண்டுமென்றால் "உடோன்" என்று மாற்றிச் சொல்லலாம். குளிர்காலத்தில் சிப்பி சேர்த்துக் கேளுங்கள், அந்த ஊர்க் கடலில் விளைவது, "காக்கி" என்பார்கள். கடை சின்னது, இருக்கைகள் கொஞ்சம்தான், அதனால் ஆளுக்கு ஒன்று சொல்வதுதான் மரியாதை.

சொன்ன பிறகு கால் மணி நேரமாவது ஆகும். தயவுசெய்து போனை எடுக்காதீர்கள், கல்லைப் பாருங்கள். தோசை மாதிரி மெல்லிசாக மாவை வார்த்து, மீன் தூள் தூவி, நம்பவே முடியாத உயரத்துக்கு முட்டைக்கோசைக் குவித்து, பயறு முளையும் இறைச்சியும் வைத்து, அத்தனையையும் ஒரே வீச்சில் திருப்பிப் போடுவார்கள். கோஸ் தன் ஆவியிலேயே வெந்து அமுங்கும். பக்கத்தில் நூடுல்ஸ் வதங்கும், குவியல் அதன் மேல் ஏறும், அப்புறம் முட்டை உடைத்துப் பரப்பி அதன் மேல் மொத்தத்தையும் வைத்து இன்னொரு திருப்பு. ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்துவிடுவார்கள், இங்கே அடுக்குவதுதான் உயிர். அதனால் உள்ளூர்க்காரர்களிடம் "ஹிரோஷிமாயாகி" என்று சொல்லாதீர்கள், அவர்களுக்கு இதுதான் ஒகோனோமியாகி. 1945இல் அணுகுண்டு விழுந்த ஊர் இது. போருக்குப் பிறகு சாப்பாடு கிடைக்காத காலத்தில், கிடைத்த கோதுமை மாவையும் கோசையும் வைத்துத் தெருவோரத் தள்ளுவண்டிகளில் வயிறு நிரப்பிய சாப்பாடுதான் இப்படி வளர்ந்தது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் திருப்பு இன்னும் அழகாகத் தெரியும்.

சாப்பிட ஹெரா என்ற சின்ன இரும்புக் கரண்டி தருவார்கள், நம்ம தோசைத் திருப்பியின் குட்டி. முழுவதையும் முதலிலேயே துண்டு போட்டுவிடாதீர்கள், சூடு போய்விடும். ஓரத்திலிருந்து ஒரு வாய்க்கு மட்டும் அழுத்தி வெட்டி, அடியில் செருகி, தூக்கி, நன்றாக ஊதி வாயில் வையுங்கள். கரண்டி கல்லிலேயே கிடப்பதால் அதுவும் சுடும், உதட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாஸ் பெரும்பாலும் உள்ளூர் ஒடாஃபுகு, அந்த இனிப்புக்குள் பேரீச்சையும் இருக்கிறது. முதலில் அதோடு மட்டும் சாப்பிடுங்கள், மயோனைஸைப் பாதி சாப்பிட்ட பிறகு சேர்த்துக்கொண்டால் போதும்.

சைவமா? "நிகு நுகி" என்றால் இறைச்சி போட மாட்டார்கள், ஆனால் மீன் தூளும் சாஸில் உள்ள இறைச்சிச் சாறும் அப்படியே இருக்கும், கல்லும் ஒன்றுதான். கண்டிப்பான சைவம் என்றால் அமைதிப் பூங்கா அருகே உள்ள நாகதாயாவுக்குப் போங்கள், அங்கே சைவத்துக்குத் தனி வகை உண்டு.

ஒன்றுக்கு 1000 யென்னோ கொஞ்சம் மேலோ ஆகும். ரொக்கம் வைத்திருங்கள், டிப்ஸ் வேண்டாம். எழும்போது கல்லுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்து "கோச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சத்தமாகவே சொல்லுங்கள், அந்த இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது.