மொரீஷியஸ் கிரியோலின் ஒலிகளை ஒரு சொல்விளையாட்டால் ஆராய்வது எப்படி?

கிரியோல் என்பது வெவ்வேறு மொழி பேசியவர்கள் கலந்து வாழ்ந்ததில் பிறந்த மொழி. அதன் ஒலிகளை ஆராய ஆய்வுக்கூடம் வேண்டாம். கிரியோல் பேசுபவர் ஒருவரும் கைப்பேசி ஒலிப்பதிவும் போதும். விளையாட்டின் பெயர் 'மதாம் செரே'. மொரீஷியஸில் பிறர் காதுக்குப் புரியாமல் பேச உதவும் பேச்சு இது.

படி 1: விதி
ஓர் அசையைச் சொன்னதும், 'க' சேர்த்து அதே உயிரை இன்னொரு முறை சொல்ல வேண்டும். 'தங்கம்' என்பதில் வரும் க ஒலி இது. 'மொ' (நான்) என்பது 'மொகொ' ஆகும். நம் பிள்ளைகளின் 'க' பாஷையில் எல்லா எழுத்துக்கும் முன்னால் ஒரே 'க'தான். அசை எங்கே பிரிகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இங்கே உயிரே இரண்டாம் முறை ஒலிப்பதால், பேசுபவர் எதை உயிராகக் கொள்கிறார் என்பதும் பிடிபடும்.

படி 2: எளிய சொற்கள்
டிலோ (தண்ணீர்) 'டிகி லோகோ' ஆகும். டிரி (அரிசி) 'டிகி ரிகி'. காது பழக இவை போதும்.

படி 3: மூக்கொலி
சுவையான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். 'மொ மான்ஸே' (நான் சாப்பிடுகிறேன்) என்பது 'மொகொ மான்கான் ஸேகே' ஆகிறது. இந்த 'ன்' எழுத்தில் மட்டும்தான். நாக்கு மேலே தொடாது, 'ஆ' மூக்கு வழியாக வருகிறது. அது 'கான்' வரை கூடவே வந்ததால் உயிரின் பகுதி என்று முடிவுகட்டத் தோன்றும். பொறுங்கள். 'லகாஸ்' (வீடு) என்பதை இதே விளையாட்டு விதிப்படி சொல்லச் சொல்லி, இரண்டாம் அசையான 'காஸ்' என்ன ஆகிறது என்று கவனியுங்கள். 'காஸ்காஸ்' என்று வந்தால் இறுதி மெய்யும் சேர்ந்தே திரும்புகிறது; 'மான்கான்' எதையும் நிரூபிக்கவில்லை. ஸ் திரும்பாமல் 'காகாஸ்' என்று வந்தால்தான் மூக்கொலி உயிரோடு ஒட்டியது என்ற வாதம் நிற்கும்.

படி 4: ஸ்வாஸோ (பறவை)
முதல் அசை 'ஸ்வாகா' ஆனால் 'வ்' முன்னுள்ள மெய்யோடு சேர்ந்தது. 'ஸ்வாக்வா' ஆனால் உயிரோடு.

விடையை நீங்கள் முதலில் சொல்லிக்காட்டாதீர்கள், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். எழுதிக் காட்டவும் வேண்டாம். கிரியோல் எழுத்தில் மூக்குயிரை 'ன்' சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒலியை விட்டு எழுத்தைப் பிரிப்பார். ஒருவரோடு நிறுத்தாமல் சிறுவர்களிடமும் முதியவர்களிடமும் கேளுங்கள்.

வேறு கிரியோலுக்குப் போவதென்றால் தென் அமெரிக்க நாடான சூரினாமின் சரமாக்கா நல்ல தேர்வு. அங்குள்ள மறைமொழி விளையாட்டுகளைப் பற்றி மானிடவியலாளர்கள் ரிச்சர்ட் பிரைஸ், சாலி பிரைஸ் இருவரும் 1976-இல் எழுதியிருக்கிறார்கள். சரமாக்கா தொனி உள்ள மொழி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறலாம். விளையாட்டில் அசை இடம் மாறினால் அதன் உயர்தொனியும் கூடப் போகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று கேளுங்கள்.