மலாய்ச் சாப்பாட்டைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் இறங்கி, காலையில் ரொட்டி சானாய் (பரோட்டா), மதியம் நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்புகளும்), மாலையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்று சாப்பிட்டுவிட்டு, "மலாய்ச் சாப்பாடு நம்ம ஊர் ருசிதான்" என்று திரும்புகிறவர்கள் நிறைய. இருக்காதா பின்னே? அவை தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் வளர்ந்தவை. நாசி கண்டார் பினாங்கில் அவர்கள் தோளில் தூக்கி விற்றது. ருசியில் குறையொன்றும் இல்லை. ஆனால் எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள் இலை, இறால் விழுதான பெலாச்சான் எல்லாம் மணக்கும் மலாய்ச் சமையலைத் தேடுகிறவர்கள், 'நாசி சம்புர்' (சோற்றோடு பல கறிகள்) என்று பலகை மாட்டிய மலாய்க் கடைக்குப் போக வேண்டும். தலைநகரில் கம்போங் பாரு அதற்கு நல்ல இடம்.

அங்கே போகிற நேரம் முக்கியம். நாசி சம்புர் பதினொரு மணி வாக்கில் பரப்பப்படும், பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் ஆறிய குழம்பும் காய்ந்த மீனும்தான் மிஞ்சியிருக்கும். சாதத்தை வாங்கிக்கொண்டு தட்டில் நீங்களே பரிமாறிக்கொள்ளலாம்: ஒரு மீன் அல்லது கோழி, ஒரு காய், கொஞ்சம் சம்பால் என்ற மிளகாய் விழுது. பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குமுன் தட்டைக் காட்டி விலை கேட்டுவிட வேண்டும். பாதி சாப்பிட்ட தட்டுக்கு யாராலும் கணக்குப் போட முடியாது. கணவாய், பெரிய இறால், முழு மீன் ஆகியவைதான் பில்லை ஏற்றும்.

அங்கே தனித்தட்டில் வைத்திருக்கும் பச்சை இலைகளை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுதான் ஊலாம். நமக்குத் தெரிந்த வல்லாரையும் அதில் இருக்கும். இலையைச் சுருட்டி, சம்பால் பெலாச்சானில் தொட்டு, சோற்றோடு சேர்த்துக் கடிக்க வேண்டும்.

சைவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். "தாக் மாக்கான் டாகிங்" (இறைச்சி சாப்பிடமாட்டேன்) என்று சொன்னால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. டாகிங் என்றால் அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சி. அது வேண்டாம் என்று சொன்னவருக்குக் கோழியும் மீனும் வந்து சேரும். கீரைப் பொரியலில்கூட உலர்ந்த இறாலோ பெலாச்சானோ விழுந்திருக்கும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பாலில் நெத்திலி இருக்கும். அதனால் "டாகிங், அயாம், இக்கான், ஊடாங், பெலாச்சான் செமுவா தாக் மாக்கான்" (இறைச்சி, கோழி, மீன், இறால், பெலாச்சான் எதுவும் சாப்பிடமாட்டேன்) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் குச்சியில் கோர்த்துச் சுட்ட சாத்தே வாங்கும்போது கோழிக்கு 'அயாம்' என்று சொல்லிவிடுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சாத்தேயோடு வரும் கடலைக் குழம்பைத் தொடவே வேண்டாம்.

ஒரே ஊரில் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்ப்பதும் சரியல்ல. புளிப்பும் காரமுமான மீன் குழம்பான அசாம் பெடாஸுக்கு மலாக்காவும் ஜொகூரும், புளித்த துரியானில் சமைத்த பாத்தின் மீனுக்குப் பகாங்கின் தெமெர்லோ, நாசி கெராபுவுக்குக் கிளந்தான். கோத்தா பாருவின் சித்தி கதீஜா சந்தையில் நாசி கெராபு கிடைத்தால், சங்குப்பூ நீலம் ஏறிய அந்தச் சாதத்தைத் தனியாக ருசித்துவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். சாதத்தின் வேலை மற்றதை ஏந்திக்கொள்வதுதான். பொடியாக நறுக்கிய இலைகள், வறுத்து இடித்த தேங்காய், மீன் துருவல், அப்பளம் போன்ற கெரோப்போக்கை நொறுக்கியது, சம்பால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைய வேண்டும். மேலே புடு விடுவார்கள். நெத்திலியை உப்பிலிட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்த சாறு அது. முதலில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் விட்டால் உப்பு மற்ற எல்லா ருசியையும் அமுக்கிவிடும்.

கிளந்தானில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் திறக்காது. ஆனால் மாலை நான்கு மணி வாக்கில் தெருவெங்கும் ரமலான் சந்தை களைகட்டும். ஐந்துக்குள் போனால் எல்லாம் கிடைக்கும், ஆறு மணிக்கு மேல் நகர முடியாத கூட்டம். வாங்கியதை அங்கேயே நின்று தின்னாமல் பொட்டலம் கட்டிக்கொண்டு அறைக்குப் போவதுதான் நோன்பிருப்பவர்களுக்கு மரியாதை.

ரெண்டாங்கில் மொறுமொறுப்பைத் தேட வேண்டாம். 2018-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றில் நடுவர் கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று குறை சொல்ல, மலேசியாவே கொதித்தது. தேங்காய்ப்பாலில் மெதுவாக வெந்து, மசாலா கறியோடு ஒட்டிச் சுண்டிப்போவதுதான் ரெண்டாங். அதில் மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்?

குடிப்பதிலும் ஏமாறுவார்கள். வெறும் 'தே' என்று கேட்டால் இனிப்புக் கட்டிப்பாலோடு வரும். 'தே ஓ' பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. இரண்டும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. இனிப்பைக் குறைக்க 'கூராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். ரோஜா நிறச் சிராப் பண்டுங் சர்க்கரைப்பாகும் பாலும் சேர்ந்தது, காரச் சாப்பாட்டோடு ஒரு குவளையே தாராளம்.

மேசையில் கெண்டி போன்ற பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் அது கை கழுவ, குடிக்க அல்ல. சாப்பிடுவது வலக்கையால்தான்.

குவே எனப்படும் பலகாரங்களை மறுநாளைக்கென்று வாங்கி வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த ஸ்ரீ மூக்கா அந்த வெயிலில் அன்று இரவுக்குள் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் அடியிலுள்ள பசையரிசி விறைத்துப்போகும். காலையில் இரண்டு துண்டு வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள்.