கட்டட மாடலுக்குக் கத்தி வாங்கும்போது

புதுக் கட்டரைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் ஆட்டத்தைத்தான். கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும் பிளேடை இரண்டு கட்டம் வெளியே தள்ளி, அதன் தட்டையான பக்கத்தை மேசைமேல் வைத்து மெல்ல அழுத்துவேன். உறைக்குள் லொடலொடவென்று அசைந்தால் அந்தக் கத்தி வேண்டாம். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 1:100 அளவில் செய்யும் மாடலில் அந்த அரை மில்லிமீட்டர், நிஜக் கட்டடத்தில் 5 சென்டிமீட்டர். சுவர்களை ஒட்டும்போது மூலை சேராமல் வாய் பிளந்து நிற்கும்.

ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் பிளேடு 9 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டர் வாங்குங்கள். 18 மில்லிமீட்டர் தடித்த அட்டைக்குச் சரி, ஜன்னலுக்குப் பெரிது. 9-இலேயே முனை 60 டிகிரியை ஒட்டியிருக்கும் சாதா பிளேடும் உண்டு, 30 டிகிரி கூர்முனையும் உண்டு. என் ஓட்டு 30-க்குத்தான். முனை எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் அட்டைக்குள் வைத்துத் திருகினால் பட்டென்று ஒடியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

கத்தியைவிட நுனியில்தான் விஷயம் இருக்கிறது. என் முதல் மாடலில் முகப்பு முழுவதையும் ஒரே நுனியால் வெட்டினேன். ஃபோம் போர்டின் நடுவிலிருக்கும் நுரை அறுபடவில்லை, குருணை குருணையாகப் பிய்ந்து வந்தது. அத்தனை ஜன்னல்களையும் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. 1956-இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா இந்த வகைக் கத்தியை உருவாக்கியதே, சாக்லேட் கட்டியை உடைப்பதுபோல மழுங்கிய கட்டத்தை உடைத்துவிட்டுப் புது நுனிக்குப் போகத்தான். அதனால் தயங்காமல் உடையுங்கள். ஃபோம் போர்டில் பிளேடைப் பக்கவாட்டில் சாய்க்காமல், இழுக்கும் திசையில் நன்றாகச் சாய்த்துப் பிடித்து மூன்று முறை இழுங்கள்: முதலில் மேல் காகிதம், அடுத்து நுரை, கடைசியில் அடிக் காகிதம். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் வெட்டு சரிந்துவிடும்.

ஜன்னலுக்கு மட்டும் நான் ஸ்கால்பெல், அதாவது அறுவைசிகிச்சைக் கத்தி, எடுப்பேன். 3-ஆம் எண் கைப்பிடி, அதில் 10ஏ அல்லது 11 பிளேடு. மூலையில் முனையைக் குத்தி, அங்கிருந்து பாதி தூரம் இழுத்து நிறுத்துங்கள். அப்புறம் அட்டையைத் திருப்பி, எதிர் மூலையிலிருந்து வந்து அந்த வெட்டோடு சேருங்கள். இப்படிச் செய்தால் கோடு மூலையைத் தாண்டி ஓடாது. பிளேடு மாட்டவும் கழற்றவும் இடுக்கிதான், விரல் கூடாது.

அக்ரிலிக் தாளுக்கு இவை எதுவும் வேண்டாம். கொக்கி முனை உள்ள கீறும் கத்தி தனியாகக் கிடைக்கும். ஸ்கேல் எஃகாக இருக்கட்டும், பிளாஸ்டிக் விளிம்பைப் பிளேடு செதுக்கிவிடும். உடைத்த துண்டுகளைப் போட, மூடியில் கீறல் விட்ட தகர டப்பா ஒன்றைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.