‘ஒரு’ போடும் இடமெல்லாம் ‘எ’ வராது

வெளிநாடு வந்த முதல் சில வாரங்களில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஒர்க், லக்கேஜ், ஃபர்னிச்சர் என்ற சொற்கள் நம் வாயில் அடிக்கடி வரும். இவை எல்லாமே ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். முன்னால் எ, ஆன் என்ற ஆர்ட்டிகிள்கள் வராது. கடைசியில் எஸ்ஸும் சேராது.

தமிழில் ‘ஒரு யோசனை சொல்லுங்கள்’, ‘இரண்டு தகவல்கள் வேண்டும்’ என்று இயல்பாக எண்ணிவிடுகிறோம். அதே பழக்கத்தில் ‘கிவ் மீ ஆன் அட்வைஸ்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அட்வைஸ் தண்ணீர் மாதிரி. அளக்கலாம், எண்ண முடியாது. அதனால் ‘சம் அட்வைஸ்’ என்று சொல்லுங்கள். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’.

சரி, இன்னொரு ஆர்ட்டிகிளான தி வருமா? தாராளமாக வரும். ‘எண்ண முடியாத சொல்லுக்கு ஆர்ட்டிகிளே கிடையாது’ என்று பலரும் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். ‘நீங்கள் அனுப்பிய அந்தத் தகவல்’ என்று தமிழில் ‘அந்த’ பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் ‘தி இன்ஃபர்மேஷன் யூ சென்ட்’ சரியாக இருக்கும். பொதுவாகப் பேசும்போது தி வேண்டாம்.

வேலை தேடும்போது இன்னும் கவனம் தேவை. ‘எ ஜாப்’ சரி, ‘எ ஒர்க்’ தவறு. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் ஒர்க்’ போதும். எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல்லுக்கு இரண்டு முகம். பணி அனுபவத்தைச் சொல்லும்போது ‘ஐ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ் இன் டீச்சிங்’. ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் உங்களுக்கு நேர்ந்த ஏதோ ஒரு சம்பவம். நாலெஜ் எண்ண முடியாத சொல்தான், ஆனாலும் ‘எ குட் நாலெஜ் ஆஃப் இங்லீஷ்’ என்பது சரியான ஆங்கிலம். இதை விதியில் அடக்க முயலாமல் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

அப்புறம், நான் மிக முக்கியமாக நினைப்பது லிட்டில். ‘ஐ ஹேவ் எ லிட்டில் டைம்’ என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது, பேசலாம். அந்த எ விட்டுப்போனால், நேரமே இல்லாத குறை என்று பொருள் மாறிவிடும். உதவ முன்வந்தவர் தயங்கித் திரும்பிப் போகக்கூடும். மற்ற தவறுகளைக் கேட்பவர் புரிந்துகொண்டுவிடுவார், இதில் பொருளே தலைகீழாகிறது.

சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் அகராதியில் சொல்லைத் தேடுங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் யூ என்ற எழுத்து இருந்தால் எண்ண முடியாதது, சி இருந்தால் எண்ணக்கூடியது. எக்ஸ்பீரியன்ஸ் போன்றவற்றுக்கு இரண்டும் இருக்கும். அங்கே கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படித்துவிடுங்கள்.