மூக்கு ஆபரேஷனுக்கு ஊருக்குப் போகிறீர்களா? முதலில் காதுகுத்துத் தேதியைக் கேளுங்கள்

லண்டனில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், மதுரைக்குப் போய் சைனஸ் ஆபரேஷனை முடித்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் கிளம்புகிறோம். அதில் தப்பில்லை. சிக்கலெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மூக்கடைப்பும் முகவலியும் 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, மருந்தும் உப்புநீரும் கைகொடுக்காதபோதுதான் ஆபரேஷன் பேச்சே வரும். சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, மூக்குத் துவாரம் வழியாகவே கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பை விட்டு, முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களின் அடைபட்ட வாசல்களைத் திறந்துவிடுவார்கள். சிலருக்குச் சிறு பலூனை ஊதியே வாசலை அகலப்படுத்துவதும் உண்டு; மூக்கில் சதை வளர்ந்திருந்தால் பலூன் மட்டும் போதாது. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, மீன் எண்ணெய் என எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முகத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. நம் வீடுகளில் கட்டுப் போட்டிருந்தால்தான் நோயாளி. உள்ளே பச்சைப் புண் இருக்கிறது, மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, புகை ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும் "நல்லாத்தானே இருக்கே" என்பார்கள்.

எனக்கு ஆபரேஷன் முடிந்த மறுவாரமே தங்கச்சி மகனுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. நான் வருகிற நேரம் பார்த்துத்தான் தேதி வைத்திருக்கிறாள்; எனக்குச் சொன்னது டிக்கெட் போட்ட பிறகு. தாய்மாமன் மடியில்லாமல் காதுகுத்து இல்லை. மச்சான் வீட்டார் நேரில் வந்து, சீர்த்தட்டை ஊருக்கு முன்னால் நான்தான் தூக்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில், வரிசையாக விறகடுப்பில் பொங்கல், பந்தல் முழுக்கப் புகை, மடியில் திமிறி அழும் பிள்ளை. டாக்டர் சொன்னதைத் தங்கச்சியிடம் விளக்கினேன். அவள் சண்டை போடவில்லை. "மூத்தவ காதுகுத்துக்கு வீடியோவுலதான் வந்தே. இவனுக்காவது மடி குடுண்ணே" என்றாள். அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் அவள். அவளிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது?

மடி கொடுத்தேன். காதுகுத்து முடிந்த அன்று ராத்திரி மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, மறுபடி ஆஸ்பத்திரி, மூக்கில் பஞ்சு அடைத்து இரவெல்லாம் விழிப்பு. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். அவளுக்கு அந்த ராத்திரி வந்திருக்கவே வேண்டாம். ஆகவே விசேஷம் முதலில், ஆபரேஷன் பிறகு. டாக்டர் சொல்லும் கட்டுப்பாடுகளை வீட்டில் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துப் போய்க் கேட்க வையுங்கள். நாம் சொன்னால் சாக்கு, டாக்டர் சொன்னால் உத்தரவு.

முதல் சில நாள் ரத்தம் கலந்த சளி வடிவது இயல்பு. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ரத்தம் கூடினால் மல்லாந்து படுக்காமல், முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, வாய்க்கு வருவதைத் துப்புங்கள். நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. தெளிந்த நீர்போல் மூக்கு ஒழுகினாலோ, பார்வை மங்கினாலோ, கண் வீங்கினாலோ, கழுத்து விறைத்துத் தலைவலித்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

மூக்கு கழுவும் உப்புநீரைக் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ மூக்கு வழியே போனால், அதிலிருக்கக்கூடிய மூளை தின்னும் அமீபா உயிருக்கே உலை வைக்கும். கேரளத்தில் அந்த நோய்ச் சாவுகள் செய்தியில் வந்தனவே. கொசுவர்த்தி, சாம்பிராணி இரண்டையும் உங்கள் அறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அம்மா நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்கக் கூப்பிடுவார். அந்த வாசனைக்காகவே எனக்கும் ஆசை வந்தது. புண் ஆறும்வரை வேண்டாம்.

மூக்கினுள் காய்ந்த பொருக்கை எடுக்க டாக்டரிடம் மறுபடி போக வேண்டியிருக்கும். அதனால் திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள். விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே கிளம்புங்கள். ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் பதிந்த டிஸ்க், சதைப் பரிசோதனை முடிவு மூன்றையும் ஊரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், இங்கே உங்கள் டாக்டர் கேட்பார்.