கரண்ட் போனா லேப்டாப் தானா பவர் மோட் மாத்திக்க என்ன பண்ணணும்

ஐப்பசி கார்த்திகை வந்துட்டா வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம்லாம் கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, 2018 கஜா புயல் அப்போ பல ஊர்ல நாள்கணக்கா இருட்டுதான், அதனால லேப்டாப்ல வேலை பாக்குறவங்க பவர் மோடை, அதாவது வேகமா ஓடணுமா பேட்டரியை மிச்சம் பண்ணணுமாங்கிற செட்டிங்கை, இப்பவே செட் பண்ணி வச்சுக்குங்க.

விண்டோஸ் 11ல 24எச்2 அப்டேட் இருந்தா ஈஸி. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல பவர் அண்ட் பேட்டரி போய் பவர் மோடை விரிச்சா ப்ளக்டு இன், ஆன் பேட்டரின்னு ரெண்டு தனித்தனியா வரும். மொதல்ல இருக்குறதுக்கு பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ், ரெண்டாவதுக்கு பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி வைங்க, அப்புறம் சார்ஜரை புடுங்குனா தானா மாறிடும். பழைய வெர்ஷன்ல ஒரே பெட்டிதான் இருக்கும், ஆனா சார்ஜர் சொருகி இருக்கப்ப ஒண்ணு, புடுங்கிட்டு ஒண்ணுன்னு செலக்ட் பண்ணா ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கும். பவர் மோடை மாத்தவே விடலைன்னா கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் பாருங்க, ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளான்ல இருக்கும், பேலன்ஸ்டுக்கு மாத்துனா சரியாயிடும்.

அதே பக்கத்துல எனர்ஜி சேவர் எத்தனை பர்சன்ட்ல ஆன் ஆகணும்னும் கேக்கும், நான் 50 வைக்கச் சொல்லுவேன், கரண்ட் எப்ப வரும்னே தெரியாதப்ப 20 ரொம்ப லேட்.

இப்பதான் முக்கியமான விஷயம். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்து, சார்ஜர் அந்த லைன்ல இருந்துச்சுன்னா கரண்ட் போனதே லேப்டாப்புக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ப்ளக்டு இன்னுதான் நெனச்சுக்கிட்டு ஃபுல் ஸ்பீடுல ஓடும், கூடவே பேட்டரியும் சார்ஜ் ஏறும், எல்லாமே இன்வெர்ட்டர் பேட்டரிலேர்ந்துதான் போகுது, ராத்திரி ஃபேனுக்கு வேண்டியதை லேப்டாப் குடிச்சிடும். அதனால சார்ஜரை இன்வெர்ட்டர் இல்லாத நேர் லைன் பாயிண்ட்ல சொருகுங்க, ரௌட்டரை மட்டும் இன்வெர்ட்டர்ல விடுங்க. கரண்ட் போன நிமிஷமே சார்ஜர் செத்துடும், லேப்டாப் தன் பேட்டரிக்கு வந்து மோடையும் மாத்திக்கும், நெட்டும் கட் ஆகாது.

நேர் லைன்ல வோல்டேஜ் ஆடுமேன்னு பயப்படுவீங்க, மும்முனை கரண்ட் வந்து எல்லா பம்பு செட்டும் ஒண்ணா ஓடுறப்ப லைட்டே மங்கிப் போற ஊரு நம்ம ஊரு. சார்ஜர் அடியில இன்புட்னு போட்டிருக்குறதைப் பாருங்க, பெரும்பாலும் 100-240ன்னு இருக்கும், அப்படி இருந்தா லோ வோல்டேஜ் ஒண்ணும் பண்ணாது. கரண்ட் திரும்பி வர்றப்ப சடார்னு ஏறுறதுதான் ஆபத்து, அதுக்கு ஒரு நல்ல ஸ்பைக் கார்டு போட்டுக்குங்க.

எந்த பாயிண்ட் எந்த லைன்னு தெரியலைன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு பாயிண்ட்லயும் சார்ஜரை சொருகிப் பாருங்க, பேட்டரி ஐகான்ல சார்ஜர் சொருகுன அடையாளம் வரலைன்னா அதான் நேர் லைன்.